தேத்தண்ணிக்கு இரண்டு இடம்

எங்கள் வவுனியாவில் ஒரு உதைபந்தாட்டப் போட்டி நடத்தப் பந்து வேண்டாம், பூமாலை இருந்தால் போதும். கல்லூரி வாசலுக்கு எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறவள் நான், நபீஸா. முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர்ந்து வந்த நாளிலிருந்து இந்த வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த வாசலால் போன மாலைகளைக் கோத்தால் ஓமந்தை வரைக்கும் நீளும்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, இறுதிப் போட்டி. ரவுண் கடைத்தெருவில் குண்டு வெடித்துச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. மைதானத்துக்குள் இருநூறு தலைக்கு மேல் இருக்கக்கூடாது, வாசலில் நின்று எண்ணித்தான் விடுவோம் என்று ஆமி முகாமிலிருந்து சொல்லிவிட்டார்கள். யாரை விடுவது என்று தீர்மானிக்கும் பொறுப்பு விழாக் குழுச் செயலாளர் மயில்வாகனம் மாஸ்டருக்கு வந்தது. மனிசன் ஒரே நாளில் இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்டார்.

குழு கூடியது என் கடையில்தான். உள்ளே விட வேண்டியவர்களின் பட்டியல் போட்டார்கள். பிரதம விருந்தினரும் பாரியாரும். சிறப்பு விருந்தினர்களும் பாரியார்களும். பிறகு கௌரவ விருந்தினர்கள். சிறப்புக்கும் கௌரவத்துக்கும் என்ன வித்தியாசம் என்று அல்லாவுக்குத்தான் வெளிச்சம். ஓய்வுபெற்ற கல்லூரி அதிபர்கள், ஓய்வுபெற்றவர்களுக்குக் கார் ஓட்டுகிறவர்கள், பந்தல் போட்ட முதலாளி, மாஸ்டரின் மச்சான். மச்சான் ஏதோ ஒரு சங்கத்துக்குத் தலைவராம். அந்தச் சங்கத்தில் வேறு யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

"விளையாடுற பிள்ளையளின்ர தாய் தகப்பன், மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"அவையள் வீட்டில பாக்கிற முகம்தானே," என்றார் மாஸ்டர், என் வடையைக் கடித்தபடி.

நான் வடைத் தட்டை எடுத்து உள்ளே வைத்தேன். ஏனென்றால் அந்த நேரம் கடைக்குப் பின்னால் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவள் அழகம்மா. அவளுடைய ஒரே பிள்ளை சுதாகரன்தான் கல்லூரியின் கோல் கீப்பர். வளர்ந்த பெடியன்களை ஊரில் வைத்திருக்கத் தாய்மார் பயந்த காலம் அது. மாமன்காரன் எப்படியோ விசா எடுத்து, திங்கட்கிழமை அவனைக் கட்டாருக்கு அனுப்புகிறான். போட்டி சனிக்கிழமை.

அழகம்மா அன்றுவரை அவன் விளையாடியதைப் பார்த்ததே இல்லை. பகலில் தோட்டத்தில் கூலி வேலை, பின்னேரம் என்னிடம் கோப்பை. "அவன் வெளையாட்டுன்னா எனக்குச் சேத்துச் சட்டதாங்க்கா தெரியும்," என்றாள். "தொவச்சிருக்கேன், பாத்ததில்ல. இந்த ஒரு தடவ பாத்துட்டா போதும்."

"விடு புள்ள," என்றேன். "முன்வரிசைக்குத் தேத்தண்ணி குடுக்கிறது நான். எனக்கு உதவிக்கு ஆள் வேணும். நீதான் அந்த ஆள்."

சனிக்கிழமை நேரத்தோடு போய்விட்டோம். ஆமிக்காரன் தேத்தண்ணிப் பானையின் மூடியைத் திறந்து பார்த்து, எங்களையும் இரண்டு தலையாக எண்ணி உள்ளே விட்டான். வெளியூர் அணி முன்னமே வந்து ஓடிக்கொண்டிருந்தது. அழகம்மா வெளுத்த சேலை கட்டி, மேசைக்குப் பின்னால் சுவரோடு சுவராக நின்றாள்.

பிறகு தொடங்கியது ஊர்வலம். வழக்கப்படி முன்னால் பாண்ட் வாத்தியம். அதன் பின்னால் பன்னீர்ச் செம்போடு பெண் பிள்ளைகள், மாலைத் தட்டோடு பெண் பிள்ளைகள், பிறகு விருந்தினர்கள், விருந்தினர்களோடு தொற்றிக்கொண்டு வந்தவர்கள். எங்கள் அணிப் பிள்ளைகள் எங்கே? அவர்கள் எப்போதும் ஊர்வலத்தின் வால். பெரியவர்களுக்கு முன்னால் போனால் மரியாதைக் குறைவாம்! விருந்தினர்கள் பல்லைக் காட்டிக்கொண்டு உள்ளே வந்து முடிய, ஆமிக்காரன் வாசல் படலையைச் சாத்தினான்.

"இருநூறு சரி. இனி ஏலாது."

விளையாடுகிறவர்கள் வீதியில்! மாஸ்டர் ஓடினார், கும்பிட்டார், இங்கிலீசில் கதைத்தார். ஆமிக்காரன் அசையவில்லை. ஆட்கள் வெளியே வந்தால் அத்தனை பேரை உள்ளே விடுவேன் என்றான். இந்த மூளையை வைத்துக்கொண்டா இவர் கணக்குப் படிப்பித்தார் என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

மாஸ்டர் முன்வரிசையைப் பார்த்தார். எல்லாருக்கும் திடீரென்று வானத்தில் ஏதோ வேலை வந்துவிட்டது. மச்சான் சால்வையைச் சரிசெய்தார். கடைசியில் பாண்ட் பிள்ளைகளை வெளியே அனுப்பினார்கள், ஊதி ஊதி வீங்கிய கன்னத்தோடு. அப்படியும் இரண்டு பேர் வெளியில் மிச்சம். அதில் ஒருவன் சுதாகரன். மாஸ்டரின் கண் மெல்ல வந்து எங்கள் மேசையில் நின்றது.

"நபீஸா, நீங்கள் ரெண்டு பேரும் ஒருக்கா வெளியால நில்லுங்கோவன்."

"மாஸ்டர், இவ கோல் கீப்பரின்ர தாய்."

"அதுக்குத்தானே சொல்லுறன். நீங்கள் போனாத்தானே அவன் வரலாம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அழகம்மா நடக்கத் தொடங்கிவிட்டாள். படலையில் தாயும் மகனும் எதிரெதிரே வந்தார்கள். "எங்கம்மா போற?" என்றான் அவன். "நீ போய் வெளையாடு ராசா," என்று அவன் கையுறையைத் தொட்டுவிட்டு வெளியேறினாள். அவள் அழவில்லை.

நான் சும்மா வரவில்லை. பானையைத் தூக்கினேன், றோல்ஸ் பலகாரக் கூடையையும் தூக்கினேன். "தேத்தண்ணிய வெச்சிட்டுப் போங்கோ," என்று மாஸ்டர் பதறினார். "அது தன்ர காலால நடந்து கோப்பைக்கு வருமோ?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கடையில் இருந்தோம். மதில் உயரம், ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும் வந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அழகம்மா எழும்பி எழும்பி இருந்தாள். "யாருக்கா கத்துறா? நம்மவங்களா?" எனக்கு எப்படித் தெரியும்? ஓம் ஓம், நம்மட பெடியள்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இடைவேளைக்கு விசில் ஊதியதும் மாஸ்டர் படலைக்கு வந்தார், முகம் வெயிலில் கறுத்து. "நபீஸா, பிரதம விருந்தினர் ரெண்டு தரம் தேத்தண்ணி கேட்டிட்டார்!"

"கொண்டு வாறம். ரெண்டு பேருக்கு இடம் எடுத்துத் தாங்கோ."

"நீர் மட்டும் வந்தாப் போதாதோ?"

"பானைய ஒராள் தூக்கேலாது, மாஸ்டர்."

பொய்தான். அல்லா மன்னிப்பான். மாஸ்டர் உள்ளே போய் மச்சானின் காதில் ஏதோ சொன்னார். மச்சான் முறைத்தார். கடைசியில் இரண்டு பேரும் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி வெளியே வந்தார்கள். பெற்ற தாய்க்குக் கிடைக்காத இடம் பெரியவருடைய ஒரு வாய்த் தேத்தண்ணிக்குக் கிடைத்தது! என் கடை வாங்குப் பலகையில் இருங்கோ என்றேன். மச்சான் இருக்கவில்லை.

இரண்டாம் பாதியில் பக்கம் மாறியிருந்தது. சுதாகரன் முன்வரிசைக்குக் கிட்டவாக நின்றான். அழகம்மா கோப்பைத் தட்டோடு கதிரைகளுக்கு முன்னால் போனாள், மகனைக் கண்டாள், அப்படியே நின்றுவிட்டாள். பிரதம விருந்தினர் கையை நீட்டினார். நீட்டிய கை நீட்டியபடி இருந்தது.

"தள்ளி நில்லும், மறைக்குதெல்லே!" என்றார் அவர்.

அழகம்மா திரும்பவில்லை. "அங்க நிக்கிறது எம் புள்ளைங்க. பாத்துட்டுத்தான் நகருவேன்."

அப்போதுதான் எதிரணிக்காரன் உதைத்தான். சுதாகரன் பக்கவாட்டில் பாய்ந்து, பந்தோடு முதல் நாள் மழைச் சேற்றில் விழுந்து, உருண்டு, பந்தை நெஞ்சோடு அணைத்தபடி எழும்பினான். தலையிலிருந்து கால்வரை மண். எல்லாரும் கத்தினார்கள். அவன் தாயைப் பார்த்துச் சிரித்தான்.

தட்டில் தேத்தண்ணி ஆடை பிடித்துவிட்டது. அழகம்மா என் பக்கம் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது.

"இப்புடி வுழுந்துதானாக்கா அவ்வளவு மண்ணும் வந்துச்சு?" என்றாள். "இந்தச் சட்டைய நான் தொவைக்கப் போறதில்ல."