சமையலறையின் இடது ஓரக் கதவு

ஜான்சி வீட்டுச் சமையலறையில் புதிதாக மாட்டிய மேல் கப்போர்டுக்கு நான்கு கதவுகள். அதில் இடது ஓரக் கதவு மட்டும் யாரும் தொடாமலே திறந்துகொண்டது.

முதலில் அவள் மகள் ஜாஸ்மினைத்தான் திட்டினாள். காலேஜ் போகிற பெண்ணுக்குத் திறந்த கதவை மூடத் தெரியாதா என்று. ஜாஸ்மின் வழக்கம்போல அடுப்புக்குப் பக்கத்தில் மேடைமேல் ஏறி உட்கார்ந்து, கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வருகிற தோசையைத் தின்றுகொண்டிருந்தாள். சின்னப் பிள்ளையிலிருந்தே அவள் இடம் அதுதான். கூடத்தில் சாப்பாட்டு மேஜை இல்லாமல் இல்லை. அதில் இஸ்திரிக்குப் போகிற துணி உட்கார்ந்திருக்கும்.

“நான் தொடவே இல்லம்மா. இப்ப மூடுறேன், நீயே பாரு.”

எக்கி மூடினாள். காந்தம் டொக்கென்று பிடித்தது. அடுத்த தோசை வேகிறதற்குள் கதவு மெல்ல விலகி, யாரோ உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கிற மாதிரி நின்றது.

“அதுக்கும் பசி போல,” என்றாள் ஜாஸ்மின்.

இப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு, போகட்டும் என்று இருந்துவிடுகிறவர்கள் உண்டு. ஜான்சி அந்த ரகம் இல்லை. மிக்ஸி ஒருநாள் வேறு மாதிரி உறுமியது என்பதற்காக அதைக் கழற்றிப் பரப்பிப் பார்த்தவள். திரும்ப மாட்டும்போது ஒரு திருகாணி மிஞ்சிப்போனது வேறு கதை.

அவள் கணவன் ஜெரோமிடம் கேட்டால் தயாராக ஒரு பதில் இருந்தது. “ரயில்தான். எக்ஸ்பிரஸ் போறப்ப நம்ம வீட்டு ஜன்னலே பேசுது. கதவு திறக்காதா?”

மாடியில் குடியிருக்கிற அவன் அக்கா தபீதாளிடம் வேறு பதில். அடுப்புக்கு மேலே முன்பு ஒரு கடப்பா கல் பலகை சுவருக்குள் பதித்திருந்தது. வீடு கட்டும்போது அவர்கள் அப்பாவே நின்று பதிக்கச் சொன்ன கல். அதை எடுத்துவிட்டு மேல் கப்போர்டு மாட்ட வேண்டும் என்று வருஷக்கணக்கில் கேட்டு, கடைசியில் இந்தக் கோடையில்தான் ஜான்சி சாதித்தாள். கல் வெளியே போன நாளிலிருந்து தபீதாள் கீழே வந்து காபி குடிப்பதையே நிறுத்திவிட்டாள். இப்போது படியிலேயே நின்று சொன்னாள்: “அப்பா வெச்ச கல்லு இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது தானா திறந்துச்சா?”

“கல்லுக்கு ஏது அண்ணி கதவு?”

“அதான் சொல்றேன்.”

ஜான்சி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கப்போர்டுக்குள் வைத்துவிட்டு ரயிலுக்காகக் காத்திருந்தாள். ரயில் வந்தது, போனது, தண்ணீர் அசையவில்லை. கதவோ ரயில் வருவதற்கு முன்பே திறந்து நின்றது. காற்றாக இருக்குமோ என்று ஜன்னலைச் சாத்தினாள். சமையலறை வெந்ததுதான் மிச்சம், கதவு தன் வேலையைச் செய்தது.

கடைசியில் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். கப்போர்டின் மேல் விளிம்பு சுவரோடு ஒட்டியிருக்கிற இடத்தில், கையில் கிடைத்த கோயில் காணிக்கைக் கவரைச் செருகிப் பார்த்தாள். வலது பக்கம் கவர் நுழையவே இல்லை. இடது பக்கம் வழுக்கிக்கொண்டு போய் உள்ளே விழுந்துவிட்டது.

அந்த வாரமெல்லாம் அவளுக்கு அதே ஞாபகம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மறுபடி ஏறினாள். இப்போது இரண்டு கவரைச் சேர்த்து மடித்தாலும் அதே இடத்தில் நுழைந்தது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கோளாறு கதவில் இல்லை. பெட்டியே சுவரைவிட்டு முன்னால் சாய்ந்துகொண்டிருக்கிறது. அந்தச் சாய்வில்தான் கதவு தானாக விலகுகிறது. அரிசி, பருப்பு, எண்ணெய் டின், கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் அடுக்கு என்று கனமானதெல்லாம் அந்தப் பக்கத்தில். ஸ்டூல்மேல் நின்றபடியே குனிந்து பார்த்தாள். நேர் கீழே ஜாஸ்மின் உட்காருகிற இடம். அவள் சாப்பிட்டு வைத்த தட்டு இன்னும் அங்கேயே இருந்தது.

ஜான்சி இறங்கி, இடது பக்கச் சாமானையெல்லாம் எடுத்துத் தரையில் அடுக்கினாள். தட்டைக் கழுவி வைத்தாள். மகளைக் கூப்பிட்டு, “நான் சொல்ற வரைக்கும் மேடைமேல ஏறாதே,” என்றாள்.

“ஏம்மா?”

“அது உன் தலைமேல விழும்.”

ஜாஸ்மின் சிரிக்கப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டாள். எட்டிப் பார்த்த தபீதாள்தான், “தரையில சாமான் வைக்கிறதுக்கா கப்போர்டு மாட்டினே?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கப்போர்டு மாட்டிய சிட்டிபாபு பம்மலிலிருந்து வண்டியில் வந்தான். வந்ததும் வராததுமாக வலது பக்கத்தைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை.

“பார்த்தியாக்கா? யானை வந்து தொங்கினாலும் நிக்கும்.”

“யானை இந்தப் பக்கம் தொங்கினா?”

இடது பக்கத் திருகாணியில் கை வைத்தான். அது விரலோடு சேர்ந்து சுற்றியது. அவன் முகம் மாறியது. “இன்னாக்கா இது, வெண்ணெயில சொருகினா மாதிரி கீது. செவுரு அதே செவுரு. போட்டதும் நான்தான், அதே டிரில்லு. அந்தாண்ட இரும்பு, இந்தாண்ட வெண்ணெயா?”

அவன் கேட்ட கேள்வி ஜான்சியைப் பிடித்துக்கொண்டது. ஒரே சுவர் எப்படி இரண்டு சுவராகும்? யோசித்துக்கொண்டே நின்றவளுக்கு, அவன் வேலை முடித்துப் போன பிறகு தான் பெருக்கியது ஞாபகம் வந்தது. வலது பக்கம் விழுந்திருந்த தூள் மிளகாய்த்தூள் மாதிரி சிவப்பு. இடது பக்கம் அடுப்புச் சாம்பல் மாதிரி. டைல்ஸ் தூளாக்கும் என்று நினைத்து முறத்தில் வாரிக் கொட்டியிருந்தாள்.

சொன்னாள். சிட்டிபாபு விரலால் சுவரைத் தட்டிப் பார்த்தான். “செவப்பு வந்தா செங்கல்லுக்கா. சாம்பல் கலர் வந்தா சிமெண்டு. ஆனா அவ்ளோ ஆழத்துக்குப் பூச்சு இருக்காதே.”

“நீ பார்க்கலையா?”

“கண்ணுல கண்ணாடி, காதுல பாட்டு. நான் எங்கக்கா தூளைப் பார்த்தேன்?”

ஜான்சி சுவருக்கு எதிரே நின்று கையை உயர்த்தினாள். இத்தனை வருஷமாக அந்தக் கல் பலகைமேலிருந்து உப்பு ஜாடியை எடுத்த கை. அது தானாகப் போய் நின்ற இடம் கப்போர்டின் மேல் விளிம்பு, இடது பக்கத் திருகாணிகள் வரிசையாக இருந்த அதே கோடு.

அந்தக் கோட்டை இழுத்தவளும் அவள்தான். குள்ளமான உடம்பு. கல் இருந்த உயரத்தைத் தாண்டினால் தனக்கு எட்டாது என்று டைல்ஸ்மேல் பென்சிலால் அவளே கோடு போட்டு, இதற்குமேல் ஒரு விரல்கூடப் போகக் கூடாது என்று சிட்டிபாபுவிடம் கறாராகச் சொல்லியிருந்தாள். கல் சுவரின் இடது பாதிக்குத்தான் இருந்தது. அதை உருவிய பள்ளத்தைக் கொத்தனார் எதையோ வைத்து அடைத்து, பூசி, டைல்ஸ் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். இடது பக்கத் திருகாணியெல்லாம் போய் அந்தப் பள்ளத்திலேயே இறங்கியிருக்கின்றன.

“நீதானேக்கா…” என்று ஆரம்பித்தான் சிட்டிபாபு.

“நான்தான். பெட்டியை இறக்கு. உள்ள என்ன இருக்குன்னு பார்க்கணும்.”

ஜெரோமும் அவனுமாகப் பிடித்து இறக்கினார்கள். ஒரு டைல்ஸை உடைத்து உளியால் தட்டியதும் மெல்லிய சிமெண்டு ஓடு பெயர்ந்தது. உள்ளே சிட்டிபாபு விரலை விட்டு இழுத்தான். சிமெண்டு மூட்டையின் சாக்கு வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது, கூடவே உடைந்த செங்கல் துண்டும் மணலும். திருகாணிக்குப் பிடிமானமாகச் செருகிய பிளாஸ்டிக் கட்டைகள் அந்தச் சாக்கைக் கடித்துக்கொண்டுதான் இத்தனை கனத்தையும் தாங்கியிருந்தன.

“இதை வாரிட்டு நல்லா கான்கிரீட் போட்டு அடைக்கலாம்,” என்றான் சிட்டிபாபு. “ஆனா அந்தக் கோட்டுல நான் திரும்ப ஓட்டை போடமாட்டேன். மேல ஏத்தணும், இல்லாட்டி கீழ எறக்கணும். ரெண்டு எடமும் முழுச் செங்கல்லு.”

ஜெரோம் உடனே சொன்னான்: “கீழ இறக்கு. ஜான்சிக்கும் சுலபமா எட்டும்.”

ஜான்சி மேடையைப் பார்த்தாள். கீழே இறக்கினால் அங்கே உட்காருகிறவளுக்குத் தலை இடிக்கும். மேலே ஏற்றினால் மேல் தட்டு தனக்குக் கிடையாது. ஒவ்வொரு தடவையும் ஸ்டூல் தேட வேண்டும்.

“மேல ஏத்து,” என்றாள்.

“உனக்கு எட்டாதுடி.”

“தோசை சூடா சாப்பிட வேற இடம் இல்ல இந்த வீட்ல.”

பள்ளம் அடைத்துக் காய்ந்த பிறகு சிட்டிபாபு மறுபடி வந்தான். இந்தத் தடவை சுவர் நீளத்துக்கு ஒரு இரும்புப் பட்டை. பெட்டி அதில்தான் தொங்கும். ஒவ்வொரு துளைக்கும் கீழே ஜான்சி வெள்ளைத் தட்டைப் பிடித்தாள். சிவப்பு விழுந்தால் தலையாட்டினாள். ஒரு துளையில் சாம்பல் நிறம் விழுந்தது. இரண்டு செங்கல்லுக்கு நடுவே கலவையில் இறங்கியிருந்தது. “தள்ளிப் போடு,” என்றாள். “பேஜாருக்கா உன்னோட,” என்றுகொண்டே தள்ளிப் போட்டான். பாட்டு மட்டும் வைக்கவில்லை.

போல்ட்டெல்லாம் முடுக்கி முடித்தாயிற்று. பெட்டியைத் தூக்க ஜெரோம் குனிந்தான்.

“இரு,” என்றாள் ஜான்சி. மேடைமேல் ஏறி, பட்டையை இரண்டு கையாலும் பிடித்து, காலை மடக்கித் தொங்கினாள்.

“யக்கா, இன்னாக்கா பண்றே நீ,” என்றான் சிட்டிபாபு. ஜாஸ்மின் வாயைப் பொத்திக்கொண்டாள். சத்தம் கேட்டு மாடியிலிருந்து தபீதாள் வந்து வாசற்படியில் நின்றாள்.

“என்னடி கூத்து இது?”

“தாங்குதான்னு பார்க்கிறேன் அண்ணி. கீழ புள்ள உட்காரணும் இல்ல.”

தபீதாள் பட்டையைப் பார்த்தாள், போல்ட்டைப் பார்த்தாள், கல்யாண வயதுக்கு வளர்ந்து நிற்கிற ஜாஸ்மினைப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள்.

“நீ தொங்கி என்ன தெரியப்போகுது? உடம்புல கனமே கிடையாது. இறங்கு கீழே,” என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து, “ஜெரோம், அந்த ஸ்டூலைக் கெட்டியாப் பிடி,” என்றாள்.