ஓடைக்கரைச் சிரிப்பு

ஊரப்பாக்கம் பக்கம் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துவிட்ட பழைய ரயில் பாதை ஒன்று, ஓடையை ஒட்டியே வளைந்து போகும். ஏற்ற இறக்கம் கிடையாது, முட்டிவலிக்காரரும் நடக்கலாம். காலனி நடைக்குழுத் தலைவர் சத்யநாராயணனுக்கு அந்தப் பாதை என்றால் உயிர்.

தினமும் சின்னப் பாலத்தருகே நின்று, கண்ணை மூடி, கைகளைத் தூக்கி, பன்னிரண்டு பேரும் வாய்விட்டுச் சிரிப்பார்கள். உடம்புக்கு நல்லதாம். அன்றும் சிரித்தார்கள். கண்ணைத் திறந்தால், கீழே ஓடையில் மழித்த தலையும் ஈர வேட்டியுமாக ஊர்க்கார ஜெயவேலு. அப்பாவுக்குக் கருமாதி.

"இன்னாய்யா சிரிப்பு? எங்கப்பன் செத்தது உங்களுக்குத் தமாஷா கீதா?"

"எக்சர்சைஸ் சார்... நாங்க பார்க்கலை" என்றார் சத்யநாராயணன்.

"அப்ப அழு. அழுதுட்டுப் போ. இல்லாங்காட்டி நாளையிலருந்து இங்க எவனும் நடக்க முடியாது. முள்ளு வெட்டிப் போட்டுடுவேன்."

ஜெயவேலுவின் பங்காளிகள் மேலே ஏறிவந்து வழியை மறித்தார்கள். குழு மொத்தமும் தலைவரைப் பார்த்தது. சத்யநாராயணன் அழுவதற்காக முகத்தைச் சுளித்தார். தும்மல் வருகிற மாதிரிதான் இருந்தது. ஊரடங்கின்போது தன் அப்பாவின் காரியத்தைப் புனேயிலிருந்து செல்போனில் பார்த்ததை நினைத்துக்கொண்டார். நெட் வேறு விட்டுவிட்டு வந்தது. அவ்வளவுதான், அங்கேயே உட்கார்ந்து விக்கி விக்கி அழுதார். நிறுத்தத் தெரியவில்லை.

ஜெயவேலு ஈர வேட்டியோடு மேலே ஏறிவந்து அவர் தோளைத் தட்டினார்.

"போதும் சார், எழுந்திரு. நடந்துக்கோ. ஆனா மறுபடி இங்க சிரிச்சே, பல்லு இருக்காது."