மஞ்சள் மூட்டை எங்கே போகிறது

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, சுரபாயாவில் எங்கள் சந்துத் தலைவர் பாக் சுமாதியின் வீட்டு முன்கூடத்தில் இருந்தவர்கள்: பாக் சுமாதி, கைக்குழந்தைகளோடு ஏழு தாய்மார்கள், அவர்களில் முன்னால் இபு வுர்யானி, இந்தச் சந்துக்கு மருமகளாக வந்து எட்டே மாதமான ரத்மி, இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் வந்த நான்.

நான் ஹர்தோ. எங்கள் ஊரில் பெரியவருக்குப் பாக், அம்மாமாருக்கு இபு, அண்ணன் முறைக்கு சாக்; என்னை சாக் ஹர்தோ என்பார்கள். கல்லூரியை இரண்டாம் ஆண்டில் விட்டவன். நகரத்துக் குப்பையை எரிக்கும் ஆலையில் உலைக்கு முன்னால் நிற்பது வேலை. மூன்று வருடமாக வீடு வீடாகப் போய், மட்குவது இந்தக் கூடை, பிளாஸ்டிக் அந்தக் கூடை என்று சொன்னவன் நான்தான். பாட்டில் வந்தது, அட்டை வந்தது. டயப்பர் மட்டும் வரவில்லை. பாலத்தின் மேல் மோட்டார் சைக்கிள் வேகம் குறையும். கறுப்புப் பை ஒன்று ஆற்றில் விழும்.

டயப்பர் எரிந்தால் அதைக் கட்டியிருந்த பிள்ளையின் தொடை இடுக்கு வெந்துபோகும், ஆற்றில் விட்டால் பிள்ளைக்குக் குளிர்ச்சி. சுரபாயாவில் இதை அறியாத தாய் இல்லை. நான் அதை மூடநம்பிக்கை என்றேன். தோல் நோய் பற்றி அச்சடித்த தாள் கொடுத்தேன். வாங்கி, அதில் பொரித்த வாழைப்பழம் மடித்தார்கள்.

ரத்மி யாரையும் திருத்தவில்லை. எரிக்க மாட்டோம், மண்ணில் புதைப்போம் என்று வாக்குக் கொடுத்தாள். டயப்பரை மட்டும் மூட்டை கட்ட மஞ்சள் பைகள் வாங்கினாள். குப்பை லாரி ஓட்டுநரிடம் பேசி, அந்த மஞ்சள் மூட்டைகளை மட்டும் ஆலைக்கு அனுப்பாமல் நேரே குப்பைப் புதைகுழியில் இறக்க ஏற்பாடு செய்தாள். ஒரே மாதம். ஏழு வீடும் கொண்டுவந்தன. பாலத்தடியில் தண்ணீர் தெரிந்தது.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வயிறுதான் எரிந்தது. பகலில் தூங்கப் படுத்தால் ஜன்னலுக்கு வெளியே எம்பாக், எம்பாக் என்று அவளை அக்காவாக்கிக் கூப்பிடும் குரல்கள். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அந்தப் பெண்கள் ஒரு தடவை என் பேச்சைக் கேட்க வேண்டும். அதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை.

அந்த ஞாயிறு பாக் சுமாதி, சந்துக் குப்பையைச் சேர்க்கும், என் பொறுப்பில் இருந்த கொட்டகையை ரத்மியிடம் ஒப்படைப்பதாக அறிவித்தார். "ஹர்தோ பேசினா குப்பையே எழுந்து ஓடிடும். இவ பேசினா வரிசையில வந்து நிக்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ரத்மி சிரிக்கவில்லை. சாக் ஹர்தோ ஆரம்பித்து வைத்ததைத்தான் தான் தொடர்வதாகச் சொன்னாள். அந்தச் சிரிப்பையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன், அவள் கொடுத்த மரியாதையைப் பொறுக்க முடியவில்லை.

அப்போது வுர்யானி, சும்மா பேச்சுவாக்கில், என் பக்கம் திரும்பினாள். "நீங்கதான் உலைகிட்டயே நிக்கிறீங்களே சாக், டயப்பர் எரியறதப் பார்த்திருக்கீங்களா?"

ஆற்றில் விழாத டயப்பரெல்லாம் நகரம் முழுவதிலிருந்தும் கறுப்புப் பைகளில் எங்கள் உலைக்கு வருகிறது. மஞ்சள் மூட்டை ஒன்றுகூட வந்ததில்லை. இரண்டும் எனக்குத் தெரியும்.

"தினமும் பாக்கறேன்" என்றேன்.

வுர்யானி பிள்ளையின் துணியை விலக்கிப் பார்த்தாள். சிவந்திருந்தது. எங்கள் ஊரின் உச்ச வெயிலான அக்டோபரில் எந்தப் பிள்ளைக்கும் சிவந்துதான் இருக்கும்.

"அது வேற பை. நம்ம மூட்டை அங்க போறதில்ல. சொல்லுங்க சாக்" என்றாள் ரத்மி.

ஏழு பெண்களும் என் வாயைப் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் முதல் தடவை. மூட்டை கிழிந்தால் எல்லாம் ஒரே குப்பைதான் என்றேன்.

புதன்கிழமைக்குள் மூட்டைகள் வருவது நின்றுபோனது. பாக் சுமாதி கொட்டகையை என்னிடமே திருப்பித் தந்தார். மீதிக் காலி மஞ்சள் பைகளை ரத்மி மடித்து என் கையில் வைத்துவிட்டுப் போனாள், திட்டவில்லை. இரண்டு வாரம் தினமும் காலையில் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். ஒருத்தியும் வரவில்லை. பாலத்தின் மேல் வண்டிகள் மறுபடி வேகம் குறைந்தன. உண்மையைச் சொல்கிறேன், ஆற்றுக்காக நான் வருந்தவில்லை. அவளிடம் போனவர்கள் என்னிடம் ஏன் வரவில்லை என்பதுதான் அறுத்தது.

அதனால் வுர்யானி வீட்டுக்குப் போனேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மஞ்சள் மூட்டைகள் உலைக்கு வந்ததே இல்லை, ரத்மிமேல் பொறாமையில் மறைத்துவிட்டேன் என்றேன். மறுபடி கொட்டகைக்குக் கொண்டுவாருங்கள், நானே குழிவரை போய்ப் புதைக்கிறேன் என்றேன்.

அவள் கையிலிருந்த சட்டையை உதறிக் கொடியில் போட்டாள்.

"எம்பாக் ரத்மி சொல்லி அனுப்பினாளா?"

"இல்ல. நானாத்தான் வந்தேன்."

"அவளுக்கே தெரியாம எவனோ எரிக்கிறான்னுதான் நாங்க நெனச்சோம். அவ பொய் சொன்னான்னு ஒருத்தியும் நெனைக்கல, சாக்." பிள்ளையை இடுப்பு மாற்றினாள். "நீங்க அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க. நாளைக்கு வேற யார்மேல பொறாமை வருமோ. என் பிள்ளையோடத உங்க கையில குடுக்க முடியாது."

ரத்மியிடமாவது கொடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

அவள் காலி வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். பூட்டில் சாவி இரண்டு தடவை திரும்பியது.