செவலையின் பிட்டமும் என் பாதி மீசையும்

சிங்கவரத்தில் நான் வளர்க்கும் செம்மறியின் பெயர் செவலை. செஞ்சிக்கோட்டையின் ராஜகிரி மலையும் கிருஷ்ணகிரி மலையும் அக்கம்பக்கமாக நிற்பதுபோல அதற்கொரு பிட்டம். அப்பன் கடாவுக்கும் அப்படித்தான். அம்மா ஆடு வெறும் பலகை. வெள்ளிக்கிழமை செஞ்சிச் சந்தையில் வெளியூர்க்காரர்கள் செவலையைப் படம் பிடிப்பார்கள். அது வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அவர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

அந்தப் பெருமையில் என் வாய் நீண்டுவிட்டது. செவலை வம்சத்தில் ஒரு குட்டிக்காவது இந்தப் பிட்டம் வரும், வராவிட்டால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று சந்தையில் சொன்னேன். வந்தால் தன் மீசையை எடுப்பதாக அடுத்த கொல்லைக்கார அரிகிருஷ்ணன் சொன்னான். பொய் சொல்வானேன், அவன் மீசை என்னுடையதைவிட அழகு.

செவலை ஒரு கடாக்குட்டி போட்டது. மூன்று மாதம் பார்த்தோம். பின்னால் தடவினால் எலும்புதான் கையில் இடித்தது. அரிகிருஷ்ணன் பிளேடோடு வந்தான்.

நான் குட்டியைத் தூக்கிக்கொண்டு கால்நடை டாக்டர் பூங்குழலியிடம் ஓடினேன். அந்தப் பெண் சிரிக்காமல் கேட்டுக்கொண்டது. ஒவ்வொரு மரபணுவும் அப்பனிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று குட்டிக்கு வருமாம். சிலவற்றில் மட்டும் கொடுத்தது யார் என்று முத்திரை குத்தியிருக்குமாம். பிட்ட விஷயத்தில் அப்பன் கொடுத்ததுதான் பேசும். அம்மா கொடுத்தது வாயைத் திறக்காது.

"செவலைக்கு அப்பா குடுத்தது, வெளிய தெரிஞ்சுது. அதையே செவலை அம்மாவா குடுத்தா தெரியாது. இந்தக் கடா உடம்புல அது இருந்தா, இவன் அப்பாவாகும்போது முத்திரை மாறிடும் பெரியவரே. இருக்க பாதிக்குப் பாதி சான்ஸ்."

இதை அப்படியே அரிகிருஷ்ணனிடம் ஒப்பித்து, செவலைக்குப் பேரக்குட்டி பிறக்கும்வரை தவணை கேட்டேன்.

"பாதி சான்ஸுன்னா பாதி மீசைய எடு மச்சான்," என்றான்.

எடுத்தேன், இடப்பக்கம். ஒன்றரை வருஷம் முளைக்க விடவில்லை. எனக்கொன்றும் சிரமமில்லை, என் பெண்சாதி மீனம்பாளுக்குத்தான். மீசையில்லாத பக்கம் அச்சு அசலாக என் அம்மா முகம். மாமியாரோடு முப்பது வருஷம் மல்லுக்கட்டியவள். ரசம் ஊற்றக்கூட வலப்பக்கமாகச் சுற்றித்தான் வருவாள்.

கடா வளர்ந்து மூன்று ஆடுகளுக்கு அப்பனானது. மூன்று குட்டி. மூன்றும் பலகை. அரிகிருஷ்ணன் பிளேடைத் துடைத்துத் தயாராக வைத்தான். பிறந்ததும் தெரியாது, ஒரு மாதம் பொறுங்கள் என்றார் டாக்டர். மீனம்பாள் டாக்டர் பேச்சைக் கேட்கவில்லை. துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பக்கமும் உங்கம்மா மூஞ்சி வந்துச்சின்னா நான் தளவானூருக்கு, பொறந்த வூட்டுக்கே போயிடறேன். ரெண்டு பக்கமும் அவங்களோட என்னால குடித்தனம் பண்ண முடியாது."

நாற்பதாம் நாள் காலையில் பட்டியில் ஒரே கத்தல். படல் இடுக்கில் நுழைந்து வெளியே வரப் பார்த்த ஒரு குட்டி மாட்டிக்கொண்டிருந்தது. தலை வந்துவிட்டது, வயிறும் வந்துவிட்டது. மிச்சம் வரவில்லை. மீனம்பாள் குட்டியை மூன்று முறை சுற்றிப் பார்த்தாள். உள்ளே போய்ப் பையைப் பிரித்தாள்.

அரிகிருஷ்ணன் நியாயஸ்தன். குட்டியைத் தட்டிப் பார்த்தான். என் வாசலிலேயே உட்கார்ந்து இரண்டு பக்கமும் மழித்துக்கொண்டான். வேடிக்கை பார்க்க நான் அவன் வீடுவரை போனேன்.

அவன் பெண்சாதி மாரியம்மாள் கதவைத் திறந்தாள். அவள் மாமியார் செத்து ஆறு வருஷமாகிறது. புருஷன் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தவள், முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வா அத்த," என்றாள். "அன்னிக்கி சண்டைய பாதியில வுட்டுட்டுப் போயிட்டியே, அதுக்கா வந்த?"