மின்சாரம் என்று போடவும்

மகனை அடக்கம் செய்த வாரமே அற்புதசாமி வேலைக்குத் திரும்பிவிட்டார். பெரிய கடைவீதியில் மீரான் ராவுத்தரின் அச்சகத்தில் அவர் புரூப் திருத்துபவர். மேசையில் பள்ளிக்கூடப் பௌதிக நூலின் ஒன்பதாம் அதிகாரம் காத்திருந்தது. ஈரம் காயாத காகிதம், தொட்டதும் விரலில் மை ஒட்டிக்கொண்டது. அவர் மகன் இஞ்ஞாசி, மண்ணச்சநல்லூரில் ஒரு ரைஸ் மில்லில் ஒயர் வேலை பார்த்தவன். மழையன்று மோட்டார் சுவிட்சைத் தொட்டவன் அங்கேயே விழுந்துவிட்டான். ஒன்பதாம் அதிகாரம் முழுவதும் அவனைக் கொன்ற பொருளைப் பற்றியது.

ராவுத்தர் அருகில் வந்து நின்றார். "இத வேற ஆளுக்குக் குடுத்துடறேங்க. நீங்க கல்யாணப் பத்திரிகை ஏதாச்சும் பாருங்க."

"பரவாயில்லைங்க. எழுத்தைத்தானே பாக்கப் போறேன்."

அது உண்மைதான். புரூப் பார்க்கிறவன் விஷயத்தைப் படிப்பதில்லை. ஒற்று, கால், கொம்பு என்று போய்க்கொண்டே இருப்பான். நூலாசிரியர் தைரியராஜ் காலேஜில் பௌதிகம் நடத்துகிறவர். முதலில் அவர் 'எலெக்ட்ரிசிடி' என்றே எழுதியிருந்தார். மேற்பார்வை பார்த்த ஸ்ரீரங்கத்துப் பண்டிதர் அதை 'வித்யுச்சக்தி' ஆக்கினார். ஹைஸ்கூல்களில் தமிழிலேயே பாடம் சொல்வதென்று ஆனபிறகு, சென்னையில் கூடிய கலைச்சொல் குழுவினர் 'மின்சாரம்' என்று முடிவு செய்ததாக இப்போது தகவல் வந்திருந்தது. முன்பெல்லாம் இந்தச் சண்டைகளை வீட்டில் சொல்லி அற்புதசாமி ரசிப்பார். "எப்படி எழுதினாலும் தொட்டா இழுக்கும்பா" என்பான் இஞ்ஞாசி, சோற்றைப் பிசைந்துகொண்டே.

சிவப்புப் பென்சிலால் ஒவ்வொரு வித்யுச்சக்தியாக அடித்து, ஓரத்தில் 'மின்சாரம் என்று போடவும்' என்று எழுதிக்கொண்டே வந்தார். 'ஈரக் கையுடன் சுவிட்சைத் தொடுவோரின் உடலில் வித்யுச்சக்தி பாய்ந்து மரணம் நேரிடலாம்.' அடித்தார். எழுதினார். வேறொரு பக்கத்தில் 'ஸ்விச்சு' என்று இருந்தது நினைவுக்கு வர, அதையும் தேடி ஒன்றுபோல் ஆக்கினார். அழுகை வரும் என்று கொஞ்சம் காத்திருந்தார். வரவில்லை. அடுத்த வரிக்குப் போனார்.

முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு நினைவுப் படம் அச்சடிக்க வேண்டியிருந்தது. முன்பக்கம் மாதா படம், பின்பக்கம் நாலு வரி. பாலக்கரையில் அவர்கள் வீட்டு அடுப்படி வாசலில் உட்கார்ந்து, எழுதியதை மனைவிக்குப் படித்துக் காட்டினார். லூர்துராணிக்கு எழுத்துத் தெரியாது. கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"மின்சாரம் தாக்கியா? அது என்னதுங்க?"

"கரண்டு."

"அப்ப கரண்டுன்னே போடுங்க. எம் புள்ள வேற மாதிரி சொன்னதே இல்ல."

"அச்சுல அப்படிப் போடறதில்ல, ராணி."

"வேற எதாலயோ செத்தாப்புல இருக்குங்க" என்றாள். மறுபடி வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை முழுக்க அந்த ஒரு சொல்லோடு உட்கார்ந்திருந்தார். கரண்ட், கரன்ட், கரெண்டு, கரண்டு. ரெண்டு சுழியா மூன்று சுழியா, கடைசியில் உகரம் வேண்டுமா வேண்டாமா? எந்தக் குழுவும் கூடி முடிவு செய்யாத சொல். மகன் எப்படிச் சொல்வான் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். அவன் குரல் வரவில்லை. தன் குரல்தான் வந்தது. கடைசியில் 'கரண்டு' என்று எழுதிக் கொடுத்தார். முதல் புரூப்பில் 'கரண்டி தாக்கி' என்று வந்தது. சிரிப்பு வரவேண்டிய இடம் என்று தெரிந்தது. திருத்தினார். இரண்டாம் புரூப்பிலும் அந்த வரியைத்தான் முதலில் பார்த்தார், கடைசியிலும் அதையே பார்த்தார். பிறகு ஓரத்தில் கையெழுத்துப் போட்டு அச்சுக்குக் கொடுத்தார்.

பூசை முடிந்து கோயில் வாசலில் எல்லாருக்கும் படம் கொடுத்தார்கள். தைரியராஜ் தாமதமாக, நேரே வீட்டுக்கே வந்தார். லூர்துராணி தன்னிடமிருந்த படத்தை அவரிடம் நீட்டினாள். அவர் படித்தார். படித்துக்கொண்டு போன கண் ஓரிடத்தில் நின்றுவிட்டது.

"கரண்டுன்னு போட்டது இவளுக்காகத்தாங்க சார்" என்றார் அற்புதசாமி.

"அது சரியாத்தான் இருக்குங்க" என்றார் தைரியராஜ். ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை.

அற்புதசாமி எட்டிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய எழுத்தில், மகனின் பெயர். இஞாசி. ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தது. பெரிய எழுத்தில் வரும் பிழைதான் கண்ணுக்குத் தப்பும் என்பது அச்சகத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஞானஸ்நானத்தன்று சாமியார் மூன்று தரம் சொன்ன பெயர் அது. கோயில் வாசலில் எத்தனை பேர் கைக்குப் போயிருக்கும் என்று நினைக்கப் பார்த்தார். நினைப்பு அங்கேயே நின்றது.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க சார். எல்லாம் சரியா இருக்குங்களா?" என்று கேட்டாள் லூர்துராணி.

தைரியராஜின் கட்டைவிரல் மெல்ல நகர்ந்து பெயரின் மேல் உட்கார்ந்தது. "இருக்குங்கம்மா."

அவள் படத்தைத் திரும்ப வாங்கி முந்தானையால் துடைத்தாள். பெரிதாக இருக்கிற எழுத்துதான் பிள்ளையின் பெயர் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அந்த இடத்தில் உதட்டை வைத்து முத்தமிட்டாள். பிறகு சிலுவை போட்டுக்கொண்டு, பின்பக்கம் வெளியே தெரியும்படி மாதா சுரூபத்தின் காலடியில் சாய்த்து வைத்தாள். வாய் ஈரம் பட்ட இடத்தில் அந்த எழுத்துகள் கொஞ்ச நேரம் பளபளத்துக்கொண்டிருந்தன.