பிளாஸ்டிக்குக்குள் வெள்ளி மீன்

அதீஃபின் அட்டைப் புத்தகத்தில் ஒரே ஒரு பைதான் காலி. மற்ற பிளாஸ்டிக் பைகளிலெல்லாம், மிருகப் படம் போட்ட ஜப்பான் விளையாட்டு அட்டைகள் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும். முதல் பக்கத்து நடுப்பை மட்டும் பல் விழுந்த இடம்போலத் தெரியும். முப்பத்தெட்டு வயது, புக்கிட் பாத்தோக்கில் நாலறை வீடு, இரண்டு பிள்ளைகள். இருந்தும் அந்தக் காலிப் பைக்காக மனிதன் வருஷக்கணக்கில் நாயாக அலைந்தான்.

"அரிசி டின் வைக்க இடமில்ல. உங்க மீனும் டிராகனும் மட்டும் ஏசி ரூம்ல ஜம்முனு இருக்கு லா," என்பாள் மனைவி அஃப்னா. எதற்கு இதையெல்லாம் சேர்க்கிறாய் என்று கேட்பவர்களிடம் அவன் சிரித்து மழுப்புவான். பதில் தெரியாமல் இல்லை, சொல்ல வெட்கம்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷத்தில் அவன் வாப்பா அப்துல் காதர், டன்லப் ஸ்ட்ரீட்டில் ஃபோட்டோஸ்டாட் கடை வைத்திருந்தார். பாஸ்போர்ட் நகல் எடுக்க வந்த ஜப்பான்காரர் ஒருவர், கல்லாவுக்குப் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பையனைப் பார்த்துச் சிரித்தார். போகும்போது ஓர் அட்டை பாக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பிரித்தால் உள்ளே ஒரு வெள்ளி மீன்.

பள்ளியில் எல்லோரிடமும் இங்கிலீஷ் அட்டைதான். எந்த மிருகத்துக்கு எவ்வளவு பலம் என்று அதிலேயே அச்சடித்திருக்கும், மறுபேச்சு கிடையாது. ஜப்பான் அட்டை அப்படியா? மெல்லிசு. சாய்த்தால் செதில் செதிலாக மினுங்கும். ஓர் எழுத்துகூடப் புரியாது. புரியாததுதான் வசதி, அதீஃப் வைத்ததுதான் சட்டம். ஒருநாள் அந்த மீன் கடலைக் குடித்தது. இன்னொரு நாள் கணக்கு டீச்சரை விழுங்கி ஏப்பம் விட்டது.

சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்ததில் ஓரம் நைந்துபோனது. அதை வாப்பா பார்த்துவிட்டார். உசத்தியான பொருளுக்கு அவருக்குத் தெரிந்த ஒரே மரியாதை லேமினேஷன். பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் போட்டோ எல்லாம் அந்தச் சூட்டு மெஷினுக்குள் போய் வந்தவைதான். ஒருநாள் மகன் அட்டையை மறந்து வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனான், திரும்பி வருவதற்குள் மீனும் போய் வந்துவிட்டது. பிளாஸ்டிக் முனை பிள்ளையைக் குத்தக்கூடாதென்று நாலு மூலையையும் வளைத்து வெட்டி வைத்திருந்தார்.

ஆனால் சூட்டில் வெள்ளி கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்தது. அதீஃப் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான். "கெடுத்துட்டீங்க வாப்பா!" மனிதர் பேந்தப் பேந்த விழித்தார். பாவம், மகன் துள்ளிக் குதிப்பான் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவர். அதற்குப் பிறகு மகனுடைய எந்தக் காகிதத்தையும் அவராக மெஷினில் வைத்ததில்லை. பாலிடெக்னிக் சான்றிதழ் வந்தபோதுகூட, "போடவா, வேணாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

பிளாஸ்டிக் விளிம்போடு அந்த மீன், அட்டைப் புத்தகப் பைக்குள் நுழையாது. அதனால்தான் நடுப்பை காலி, கெடாத அதே மீன் ஒன்று எங்கேயும் கிடைக்கவில்லை. வாப்பா மௌத்தாகி மண்ணுக்குள் போய் நான்கு வருஷம் ஆயிற்று. மீன் இழுப்பறையில் கிடந்தது.

போன வாரம், அட்டை சேர்ப்பவர்களின் டெலிகிராம் குழுவில் ரக்ஷனா எழுதியிருந்தாள். உட்லண்ட்ஸ்காரி, அதீஃபைவிடப் பத்து வயது இளையவள். அவளிடம் அதே மீன், ஒரு கீறல் இல்லாமல். பதிலுக்கு அவள் கேட்டது, அதீஃப் எப்போதோ குழுவில் படம் போட்டிருந்த லேமினேஷன் மீனை! அவள் சேர்ப்பதெல்லாம் கெட்டுப்போன அட்டைகளாம். பேனாவால் பேர் எழுதியது, நாய் கடித்தது, வாஷிங் மெஷினில் துவைத்தது.

"லேமினேட் பண்ணது மட்டும் என்கிட்ட இல்லண்ணா."

தங்கத்தைக் கொடுத்துத் தகரம் கேட்கிறாளே என்று அதீஃபுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் மனம் மாறுவதற்குள் சரி என்று எழுதிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் டன்லப் ஸ்ட்ரீட் காப்பிக்கடையில் சந்தித்தார்கள். நாலு கடை தள்ளி, வாப்பாவின் கடை இருந்த இடத்தில் இப்போது ஃபோன் கவர் தொங்குகிறது. தே தாரிக் டீக் குவளைகளை ஒதுக்கிவிட்டு, ரக்ஷனா தன் மீனை மேசையில் வைத்தாள்.

அதீஃப் சாய்த்துப் பார்த்தான். செதில் செதிலாக மினுங்கியது. பன்னிரண்டு வயதில் கையில் பிடித்த அதே மீன்.

"ஏன் கெட்டுப்போனதா பாத்துச் சேக்குறீங்க?" என்று கேட்டான்.

"புதுசா இருக்குறதை யாரும் விளையாடலண்ணா. கெட்டுப்போனதுலதான் ஒரு பிள்ளை இருக்கும்."

சொல்லிக்கொண்டே, மாற்றும் முன் எல்லோரும் செய்வதுபோல, அவன் அட்டையைச் சின்ன டார்ச் அடித்துப் பார்த்தாள். வாலருகே வெளிச்சம் நின்றது.

"இது என்னண்ணா, பிளாஸ்டிக்குக்கு அடியில? யாரோட தம்ப் பிரிண்ட்?"

அது கறை என்றுதான் இத்தனை வருஷமும் அவன் நினைத்திருந்தான். குனிந்து பார்த்தான். கறையில்லை, கோடு கோடாக ரேகை. வாப்பாவின் கட்டைவிரலில் எப்போதும் ஃபோட்டோஸ்டாட் மெஷினின் டோனர் மாவு கறுப்பாக ஒட்டியிருக்கும், எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் முழுசாகப் போகாது. அட்டை கோணாமல் நேராகப் போகட்டுமென்று அழுத்திப் பிடித்திருக்கிறார். சூடு அதை அப்படியே பதித்துவிட்டது.

கடை போயிற்று, மெஷின் போயிற்று. அவர் சட்டைகளைக்கூட யாருக்கோ கொடுத்தாயிற்று. இந்த நிமிஷமே வாப்பா வேண்டும்போல இருந்தது அவனுக்கு. கண்ணில் தண்ணீர் முட்டியது, மறைக்கவும் தோன்றவில்லை.

"எங்க வாப்பாவோடது," என்றான். கீறல் இல்லாத மீனை அவள் பக்கம் தள்ளினான். "மன்னிச்சுக்குங்க ரக்ஷனா. இதை நான் தர முடியாது. அவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்கீங்க, என் புக்லேருந்து வேற எது வேணும்னாலும் எடுத்துக்குங்க."

ரக்ஷனா டார்ச்சை அணைத்தாள். லேமினேஷன் மீனை இரண்டு கையாலும் எடுத்து அவனிடம் கொடுத்தாள்.

"ஒண்ணும் வேணாம்ணா. நான் சேக்குறதுல பிள்ளைங்கதான் இருக்கும். இதுல உங்க அப்பாதானே இருக்காரு."

புக்கிட் பாத்தோக் போகும் ரயிலில் ஒரே கூட்டம். அட்டைப் புத்தகம் கக்கத்தில் இருந்தது, நடுப்பை காலியாகவே இருந்தது. மீனை அவன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கூட்டம் நெருக்க நெருக்க அது நெஞ்சோடு அழுந்தியது. எந்த மூலையும் குத்தவில்லை.