அளவெடுக்காத செருப்பு

கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு கிடைத்துவிட்டால் நசீமுன்னிசா இருநூற்றைம்பது வருஷம் பின்னால் போய்விடுவாள். செல்போனில் சார்ஜ் இருந்தால் போதும். அவள் படிக்கிற தொடர்கதையில், நம் காலத்துப் பெண் ஒருத்தி ஆற்காட்டில் ஒரு பாழுங்கிணற்றுக்குள் தவறி விழுகிறாள். ஏறி வந்து பார்த்தால் நவாப் காலம். எதிரே குதிரைமேல் ஒரு தளபதி. அப்புறமென்ன, நூற்றுப் பன்னிரண்டு அத்தியாயம்.

நசீமுக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் பதினோரு வருஷமாகச் செக்கிங் வேலை. தையல் விட்டிருக்கிறதா, இடதும் வலதும் ஒத்துப்போகிறதா என்று நாளெல்லாம் நின்றுகொண்டே பார்க்க வேண்டும். அப்படி நின்று ஓய்ந்தவளுக்கு, டார்கெட் என்ற பேச்சே இல்லாத காலம் கசக்குமா? தளபதி அந்தப் பெண்ணை ஒரு பார்வை பார்த்தால் இவளுக்குக் கால்வலி மறந்துபோகும். தொல்லை என்னவென்றால், அந்தப் பார்வை பழகிய பிறகு ஊரில் இருக்கிற ஆண்கள் யாரும் கண்ணில் படவில்லை. தொப்பை என்று ஒரு வரனையும், டீயை உறிஞ்சிக் குடிக்கிறார் என்று இன்னொரு வரனையும் தட்டிவிட்டாள். வயது முப்பத்திரண்டு. பெற்ற அம்மிக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, இவளுக்குக் கேட்டுக் கேட்டு.

மூன்றாவது வரன் முக்தார் அகமது. வாணியம்பாடியில் செருப்புக்குத் தோல் வெட்டுகிறவர். போன ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தவர், குனிந்த தலை நிமிரவில்லை. பதில் கேட்டு இன்று சாயங்காலம் ஆள் வரும்.

"இன்னா நசீமு, முடிவு பண்ணிட்டியா?" வேலை முடிந்து திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் லில்லி. இருவருக்கும் ஒரே லைனில் வேலை.

"வேணாம்னு சொல்லப் போறேன். என் மூஞ்சியக்கூடப் பாக்கல லில்லி. தரையில இன்னாதான் இருந்துச்சோ."

"தளபதிய வச்சி இவர எடை போடாத. கெணத்துல வுழுந்தாளே, அவளுக்கு ஒரு நாளாவது பல்லு வலிச்சுதா? அந்தக் காலத்துத் தண்ணிக்கு பேதி புடுங்கியிருந்தா மூணாவது அத்தியாயத்துலயே கதை முடிஞ்சிருக்கும்."

நசீமுக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. புது அத்தியாயத்தைத் திறந்தாள். தளபதி மண்டியிட்டு அந்தப் பெண்ணின் காலில் முத்துப் பதித்த செருப்பை மாட்டுகிறார். கச்சிதமாகப் பொருந்துகிறது. நசீமுக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டில் முக்தாரின் தங்கை ஜோயா காத்திருந்தாள். கையில் சுருட்டிய அட்டைத்தாள். அவர்கள் வீட்டு வழக்கப்படி, நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டார்தான் பெண்ணுக்குச் செருப்பு கொண்டுவருவார்கள். பெண் கால் அளவு கொடுத்தால் சம்மதம். கொடுக்காவிட்டால், வந்தவர் டீ குடித்துவிட்டு மனஸ்தாபமில்லாமல் கிளம்பிவிடலாம்.

நசீம் வாயைத் திறக்குமுன் ஜோயா சொன்னாள்: "மத்தியானமே வந்திருப்பேன் ஆபா. எங்க முக்தார் பாய்தான் வேணாம்னார். நாள் பூரா நின்னு வேலை செய்றவங்களுக்கு சாயங்காலம் கால் வீங்கியிருக்கும், பஸ்ஸ வுட்டு எறங்குனதும் அளவு எடு, காலைல எடுத்தா செருப்பு கடிக்கும்னார். உங்க எடது கால் கொஞ்சம் பெருசாமே? ரெண்டையும் தனித்தனியா வரையச் சொன்னார்."

இடது கால் பெரியது என்று பெற்ற அம்மிக்கே தெரியாது. அந்தக் காலில் வார் சீக்கிரம் அறுவதால் அவளுக்கு மட்டும் தெரியும். அப்படியென்றால் அந்த மனிதர் தரையைப் பார்க்கவில்லை.

நசீமுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. பதினோரு வருஷமாக ஷூவும் கையுமாக நிற்கிறவள், அளவே எடுக்காத செருப்பு அந்தப் பெண்ணுக்கு எப்படிப் பொருந்தியது என்று கேட்கத் தோன்றாமல், பஸ்ஸில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அவள் களைப்பை இத்தனை வருஷத்தில் ஒருவர்தான் பார்த்திருக்கிறார். அதுவும் வாயைத் திறக்காமல்.

ஜோயா பேனா மூடியைக் கழற்றிவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது.

நசீம் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்துகொண்டாள். உட்கார்ந்து கொடுத்தால் அளவு சரியாக இருக்காது. வீங்கிய இடது காலை அட்டைமேல் முழுக்க ஊன்றினாள்.

"பேனாவ நேரா புடி ஜோயா," என்றாள். "சாஞ்சா அளவு கம்மியாய்டும்."